கில்கெனாமிக்ஸ்: முதல் தடவை போகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அயர்லாந்தின் கில்கென்னி நகரத்தில் ஒவ்வொரு நவம்பரும் நான்கு நாள், வியாழன் முதல் ஞாயிறு வரை, கில்கெனாமிக்ஸ் விழா நடக்கும். மேடையில் மூன்று நான்கு பொருளாதார நிபுணர்கள் இருப்பார்கள். அவர்களை மேய்க்க ஒரு ஸ்டாண்ட்-அப் காமெடியன் இருப்பார். ஏற்பாடு அவ்வளவுதான். டப்ளினிலிருந்து சில வருடங்களாகப் புதிய ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்: தங்க இடம் கிடைக்காமல், தப்பான நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்து, கடைசியில் அரங்கமே சிரிக்கும்போது தான் மட்டும் முழித்துக்கொண்டு. மூன்றாவதுதான் பெரிய கஷ்டம். அதனால் கீழே மூன்றாம் படி மட்டும் நீளமாக இருக்கும், அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. முதலில் கட்டில், அப்புறம் டிக்கெட்

நிகழ்ச்சி நிரல் வரட்டும், யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு ரூம் போடலாம் என்று காத்திருப்பதுதான் முதல் தவறு. கில்கென்னியின் மக்கள்தொகை சுமார் 27,000. நம் ஊர்க் கணக்கில் ஒரு சின்ன டவுன். விழா வாரத்தில் பேச வருகிறவர்களுக்கும் கேட்க வருகிறவர்களுக்கும் அதே ஹோட்டல்கள்தான்.

டிக்கெட் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாக விற்கப்படும். ஒன்று போனால் பக்கத்து அரங்கில் இன்னொன்று இருக்கும். படுக்கைக்கு அப்படி மாற்று கிடையாது. எனவே தேதி தெரிந்தவுடன், பணம் திரும்பக் கிடைக்கும் வகை அறையாகப் பார்த்துப் போட்டுவிடுங்கள்.

டப்ளினில் தங்கிக்கொண்டு தினமும் போய்வரலாம் என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும், வேண்டாம். நல்ல நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மாலைக்கு மேல். அவை முடியும்போது திரும்ப ரயில் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரில் அறை போடுவதாக இருந்தால், கார் ஓட்ட ஒருவர் கூட இருக்கவேண்டும். அவர் அன்று இரவு எதுவும் குடிக்கக்கூடாது. யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நட்புக்கு நல்லது.

2. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு: விசா

அயர்லாந்தில் வசிப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு இரண்டு விஷயம்.

அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் ஷெங்கன் வட்டத்தில் இல்லை. ஜெர்மனியிலோ பிரான்சிலோ வாங்கிய ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு டப்ளினில் இறங்க முடியாது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்குத் தனி ஐரிஷ் விசா வேண்டும்.

இந்தியர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பிரிட்டிஷ் விசிட்டர் விசாவில் 'பிஐவிஎஸ்' (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்ற குறிப்பு இருந்தால் அதை வைத்தே அயர்லாந்துக்கும் வரலாம். ஆனால் முதலில் பிரிட்டனுக்குள் நுழைந்துவிட்டுத்தான் இங்கே வரவேண்டும். நேராக டப்ளினுக்கு விமானம் போட்டுவிட்டு ஏர்போர்ட்டில் மாட்டுவது இந்த வரிசை தெரியாததால்தான். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

3. நகைச்சுவைக்கான வீட்டுப்பாடம்: ஆறு எண்கள்

பொருளாதாரம் தெரியாவிட்டால் ஒன்றும் குறைந்துபோகாது. அதை விளக்கத்தான் மேடையில் ஆள் இருக்கிறார். அயர்லாந்துக்கு என்ன நடந்தது என்பது தெரியாமல் போனால்தான் கஷ்டம். அதை யாரும் விளக்கமாட்டார்கள். அறையில் இருக்கும் அத்தனை பேரும் அதை வாழ்ந்து முடித்தவர்கள். ஒரு எண்ணைச் சொன்னாலே போதும், சிரிப்பு வந்துவிடும். நம் ஊரில் 'இரவு எட்டு மணி' என்று ஒருவர் மேடையில் சொன்னால் 2016 நவம்பர் ஞாபகம் வருகிறதே, அதுபோல.

ரயிலில் படித்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஒரு வாரம் முன்பே ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

440 பில்லியன் யூரோ. வங்கிகள் கவிழும் நிலைக்கு வந்த 2008 செப்டம்பர் 29 இரவு, விடிவதற்குள், ஐரிஷ் அரசு தன் வங்கிகளின் கடன்களுக்கும் டெபாசிட்டுகளுக்கும் தானே பொறுப்பு என்று உத்தரவாதம் கொடுத்தது. அந்தப் பொறுப்பின் அளவு இது. நாடு ஒரு வருடத்தில் உற்பத்தி செய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மேடையில் யாராவது 'அந்த ராத்திரி' என்று சொன்னால் இந்த ராத்திரிதான்.

64 பில்லியன். வங்கிகளைத் தூக்கி நிறுத்த உண்மையில் போட்ட பணம். அன்றைய மக்கள்தொகைக்குப் பிரித்தால், தொட்டில் குழந்தை உட்பட தலைக்குச் சுமார் 14,000 யூரோ. கூடவே 'ஆங்லோ' என்ற பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்லோ ஐரிஷ் வங்கி 2009 ஜனவரியில் அரசுடைமை ஆனது. இந்தக் கூட்டத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே ஒரு உறுமல் கேட்கும்.

85 பில்லியன். 2010 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, ஐஎம்எஃப் மூன்றும் சேர்ந்து வந்து போட்ட மீட்புத் திட்டம். மூவரையும் சேர்த்து 'டிரோய்கா' என்பார்கள். இதில் 17.5 பில்லியன் அயர்லாந்தின் சொந்தப் பணம், பெரும்பகுதி ஓய்வூதியத்துக்குச் சேர்த்துவைத்த நிதி. உங்களைக் காப்பாற்ற வந்தவர் உங்கள் வீட்டு உண்டியலையே உடைத்து, உதவித்தொகைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் எப்படி இருக்கும்? முதல் கில்கெனாமிக்ஸும் அதே 2010 நவம்பரில்தான் நடந்தது. நகைச்சுவைக்கு வேறு விதை தேவைப்படவில்லை.

பாதி. 2007 உச்சத்திலிருந்து 2013-க்குள் வீட்டு விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. ஆள் குடியேறாத, பாதி கட்டிய குடியிருப்புகள் நாடு முழுக்க நின்றன. 'பேய் எஸ்டேட்' என்றால் அதுதான், பேய்க்கதை என்று நினைத்து ஒரு நண்பர் பயந்தார். பிறகு விலை திரும்ப ஏறி 2022-இல் பழைய உச்சத்தையும் தாண்டிவிட்டது. இப்போது அழுகை வேறு: வாடகைக்குக்கூட வீடு இல்லை.

26.3 சதவீதம். 2015-இல் அயர்லாந்தின் ஜிடிபி இவ்வளவு வளர்ந்ததாக 2016 ஜூலையில் அறிவித்தார்கள். யாருக்கும் சம்பளம் ஏறவில்லை, ஒரு தொழிற்சாலையும் புதிதாக முளைக்கவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளைக் காகிதத்தில் இங்கே மாற்றிய விளைவு. அமெரிக்கப் பொருளாதார நிபுணர் பால் க்ரூக்மன் இதற்கு 'லெப்ரகான் பொருளாதாரம்' என்று பெயர் வைத்தார். லெப்ரகான் என்பது ஐரிஷ் நாட்டுப்புறக் கதையில் தங்கப் பானையை ஒளித்துவைக்கும் குள்ளன். அப்புறம் புள்ளியியல் அலுவலகமே வெட்கப்பட்டு, இந்த வீக்கத்தைக் கழித்துக் காட்டும் வேறொரு அளவுகோலைக் கொண்டுவந்தது. அதை 'ஜிஎன்ஐ ஸ்டார்' என்பார்கள். மேடையில் 'ஸ்டார்' என்று காதில் விழுந்தால் சினிமா இல்லை.

13 பில்லியன். ஆப்பிள் நிறுவனம் அயர்லாந்துக்கு இவ்வளவு வரி பாக்கி வைத்திருக்கிறது, வசூல் செய் என்று 2016-இல் ஐரோப்பிய ஆணையம் உத்தரவிட்டது. வேண்டாம் என்று அயர்லாந்தே கோர்ட்டுக்குப் போனது. 2024 செப்டம்பரில் தோற்றது, பணம் வந்து சேர்ந்தது. வழக்கில் தோற்று லாட்டரி அடித்த ஒரே அரசு இதுவாகத்தான் இருக்கும்.

இந்த ஆறும் கையில் இருந்தால் பாதிக்குமேல் சிரிப்புகளில் கலந்துகொள்ளலாம். மீதிக்கு அந்த வாரத்துச் செய்தி. வியாழனுக்கு முந்தைய மூன்று நாள் ஐரிஷ் தலைப்புச் செய்திகளை மட்டும் புரட்டிவிடுங்கள். பழைய நகைச்சுவை 2008, புதிய நகைச்சுவை செவ்வாய்க்கிழமை.

4. நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது: கீழிருந்து மேலாகப் படியுங்கள்

இந்த விழாவைத் தொடங்கியவர்கள் இருவர். பொருளாதார நிபுணர் டேவிட் மெக்வில்லியம்ஸ் ஒருவர். கில்கென்னியின் 'கேட் லாஃப்ஸ்' காமெடி விழாவோடு வளர்ந்த ரிச்சர்ட் குக் இன்னொருவர். நிகழ்ச்சி நிரலிலும் அந்த இரட்டைக் குணம் இருக்கும். புதியவர்கள் பேச்சாளர் பட்டியலின் உச்சியில் இருக்கும் பெரிய பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் எடுக்கிறார்கள். கிரீஸின் முன்னாள் நிதி அமைச்சர் யானிஸ் வரூஃபாகிஸ், 'பிளாக் ஸ்வான்' புத்தகம் எழுதிய நசீம் தாலிப் போன்றவர்கள் வந்துபோன மேடை என்பதால் அந்த ஆசை நியாயம்தான்.

என் பழக்கம் வேறு. முதலில் நடத்துகிற காமெடியன் யார் என்று பார்ப்பேன். கோல்ம் ஓரீகன் போல வருடக்கணக்கில் இந்த வேலையைச் செய்தவர் என்றால், தலைப்பு வறண்டதாக இருந்தாலும் எடுத்துவிடுவேன். காரணம் சின்னது: பேசத் தெரியாத நிபுணரை நல்ல காமெடியன் பேசவைத்துவிடுவார். காமெடியன் சரியில்லை என்றால் நோபல் பரிசுக்காரராலும் அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்ற முடியாது.

முதல் தடவைக்கு மூன்று வகையில் ஒவ்வொன்று எடுங்கள். ஒன்று அயர்லாந்தைப் பற்றி: வீடு, வங்கி, வரி, ஏதாவது. இன்னொன்று உலகத்தைப் பற்றி: அமெரிக்கா, சீனா, போர், எண்ணெய். மூன்றாவது, தலைப்பைப் பார்த்தால் எதைப் பற்றி என்றே புரியாத ஒன்று. என் அனுபவத்தில் மூன்றாவதுதான் பெரும்பாலும் வீடு வந்தபிறகும் பேசவைக்கிறது. ஏன் என்று கேட்டால், எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் உள்ளே போவதால் இருக்கலாம்.

ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். நாலாவதில் பணவீக்கமும் வட்டி விகிதமும் ஒன்றாகக் கலந்து குழம்பாகிவிடும். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். ஒன்று நீண்டால் அடுத்ததன் கதவு மூடியிருக்கும், சாப்பாடும் போகும்.

5. ரயில்

டப்ளினில் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து ஏறவேண்டும், கானலியிலிருந்து இல்லை. பெயர்களைக் குழப்பிக்கொண்டு ஊரின் மறுகோடியில் போய் நின்றவர்கள் என் குழுவில் இரண்டு பேர். தவறி அங்கே போய்விட்டால் சிவப்புத் தட டிராமைப் பிடித்தால் ஹியூஸ்டனுக்கு வந்துவிடலாம், ஆனால் ரயில் போயிருக்கும்.

வாட்டர்ஃபோர்டு போகும் வண்டி, சுமார் ஒன்றரை மணி நேரம். இருக்கையை ஆன்லைனில் முன்பதிவு செய்யுங்கள், வெள்ளிக்கிழமை மாலை வண்டி நெரியும். கில்கென்னி நிலையத்துக்குள் போன ரயில் அதே வழியில் பின்னோக்கித்தான் வெளியே வரும். தூங்கி எழுந்து பார்த்து, வண்டி திரும்பிப் போகிறதே என்று பதறாதீர்கள். பதறவேண்டியது ஒரு காரணத்துக்குத்தான்: இறங்க மறந்துவிட்டீர்கள்.

நவம்பரில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். மழைக்கு நனையாத ஷூ போதும். குடை காற்றில் திரும்பிக்கொள்ளும்.

6. இருட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றுங்கள்

சுற்றுலாவுக்காகச் சொல்லவில்லை. அரங்குகள் எல்லாம் நடக்கும் தூரத்தில் சிதறிக் கிடக்கின்றன. பார்லிமென்ட் தெருவில் வாட்டர்கேட் தியேட்டரும் கிளியர்ஸ் என்ற பப்பின் பின்னறையும். ஆற்றுக்கு ரயில் நிலையம் இருக்கும் பக்கம், ஜான் தெருவில், லாங்டன்ஸ் ஹோட்டலுக்குள் செட் தியேட்டர். பகலில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டால் இரவில் மழையில் ஃபோனைத் துடைத்துத் துடைத்து மேப் பார்க்கவேண்டாம்.

நடக்கும்போதே ஊரின் பழைய கணக்குகளும் கண்ணில் படும். ரயில் நிலையத்தை ஒட்டிய ஷாப்பிங் சென்டர், பஞ்சகாலத்து ஏழைகள் விடுதி இருந்த இடத்தில் நிற்கிறது. நோர் ஆற்றங்கரையில் இருக்கும் கோட்டையை அதன் உரிமையாளரான பட்லர் குடும்பம் 1967-இல் ஊருக்கு விற்றது. விலை 50 பவுண்டு. பராமரிப்புச் செலவைப் பார்த்தால் கோட்டை சொத்தா கடனா என்பதை நீங்களே முடிவு செய்யலாம். கைட்டலர்ஸ் இன் என்ற பப்புக்குப் பெயர் கொடுத்த ஆலிஸ் கைட்டலர் வட்டிக்குப் பணம் கொடுத்த பணக்காரப் பெண். 1324-இல் சூனியக்காரி என்று வழக்குப் போட்டார்கள், தப்பித்து ஓடிவிட்டாள். அவளுடைய பணிப்பெண் பெட்ரோனில்லாவை எரித்தார்கள். வங்கி ஆட்கள் தப்பிப்பதும் மற்றவர்கள் மாட்டுவதும் மேடையில் பேச்சாக வரும்போது, இந்த ஊரில் அதற்கு எழுநூறு வயது என்று தெரிந்திருந்தால் ஒரு கூடுதல் சுவை.

7. அரங்குக்குள்: இரண்டாவது பதிலைப் பிடியுங்கள்

முதல் வரிசை உங்கள் சொந்தப் பொறுப்பு. காமெடியனின் பார்வை அங்கேதான் முதலில் விழும். பெயர், வேலை, வாடகை மூன்றையும் கேட்டுவிடுவார். என் நண்பர் ஒருவர் தெரியாமல் போய் உட்கார்ந்தார். டப்ளினில் என்ன வாடகை கொடுக்கிறீர்கள் என்று கேட்டதும் உண்மையைச் சொன்னார். அறை முழுக்க 'ஐயோ' என்ற ஒரு பெருமூச்சு. அன்று மீதி நேரம் முழுக்க மேடையில் வாடகை பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் நான்கு நிபுணர்களும் இவரைக் கைகாட்டித்தான் பேசினார்கள். அவர் அதை ரசித்தார், எல்லோரும் ரசிக்கமாட்டார்கள். நான்காவது, ஐந்தாவது வரிசை வசதி. கிளியர்ஸ் மாதிரிச் சின்ன அறையில் ஒளிய இடமே இல்லை.

அடுத்து, எப்படிக் கேட்பது. நோட்டை எடுத்து நிபுணர் சொல்வதை எல்லாம் எழுத ஆரம்பிப்பது புதியவர்களின் வழக்கம். கவனித்துப் பாருங்கள், உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும். நிபுணர் ஒரு பதில் சொல்வார், அதில் 'பாண்ட் யீல்டு', 'நிதி இடைவெளி' என்று நான்கு வார்த்தை இருக்கும். காமெடியன் முகத்தைச் சுளித்து, அப்படியென்றால் என் அம்மாவுக்கு என்ன ஆகும் என்கிற மாதிரி ஒரு கேள்வி போடுவார். சிரிப்பு. அது அடங்கியதும் நிபுணர் அதையே இன்னொரு முறை சொல்வார், இந்தத் தடவை வார்த்தைகள் இல்லாமல். எழுதவேண்டியது அந்த இரண்டாவது பதில் மட்டும். முதலாவது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும்.

மூன்றாவது விஷயம் நமக்கென்றே உள்ள சிக்கல். பட்டிமன்றம் பார்த்துப் பழகியவர்கள் கடைசியில் நடுவர் எழுந்து தீர்ப்புச் சொல்வார் என்று காத்திருக்கிறார்கள். இங்கே காமெடியன் தீர்ப்புச் சொல்லமாட்டார். இரண்டு பேர் நேர் எதிராகச் சொல்லியிருப்பார்கள், நேரம் முடிந்தது, கைதட்டு, விளக்கு. ஏமாற்றம் என்று நினைக்கவேண்டாம். யார் எந்த எண்ணை வைத்துப் பேசினார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பத்தாம் படியில் தேவைப்படும்.

நிபுணரைக் காமெடியன் கலாய்ப்பதைப் பார்த்து மனம் சங்கடப்படவும் வேண்டாம். ஐரிஷ்காரர்கள் இதை 'ஸ்லாகிங்' என்பார்கள். பிடித்தவரைத்தான் வாருவார்கள். மரியாதையாகப் பேசிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டால்தான் கவலை.

ஒருமுறை அடமானக் கடன் பற்றிய பேச்சில் என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் சொன்னார்: 2006-இல் ஃபிளாட் வாங்கினாராம், பத்து வருடம் அது வாங்கிய விலையில் பாதிக்குக்கூடப் போகவில்லையாம். அதைச் சொல்லும்போதும் சிரித்தார். இந்தக் கூட்டம் எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

8. கேள்வி கேட்பதாக இருந்தால்

எல்லா நிகழ்ச்சியிலும் நேரம் இருக்காது. இருந்தால், ஒரே வாக்கியம், கேள்விக்குறியோடு முடியவேண்டும். 'எனக்கு ஒரு கருத்து இருக்கிறது' என்று தொடங்கினீர்கள் என்றால் காமெடியனுக்கு அன்றைய இரை நீங்கள்தான்.

பொதுவாகக் கேட்பதைவிட உங்கள் வாழ்க்கையில் உள்ள ஒரு எண்ணை வைத்துக் கேளுங்கள். 'பணவீக்கம் குறையுமா' என்றால் தொலைக்காட்சிப் பதில் வரும். 'என் குழந்தையின் கிரெஷ் கட்டணம் மாத வாடகையில் பாதி, இதில் எந்தப் பகுதி முதலில் குறையும்' என்று கேட்டால் நால்வரும் யோசிப்பார்கள். உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். கார்க், பெல்ஃபாஸ்ட் உச்சரிப்புகளே ஒன்றுக்கொன்று புரியாத தீவு இது. மெதுவாகச் சொன்னால் போதும்.

9. பப்பில்

நிகழ்ச்சி முடிந்ததும் அறைக்கு ஓடாதீர்கள். ஊர் சின்னது. மேடையில் இருந்தவரே பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு. போய்ப் பேசலாம், இரண்டு நிமிடம். செல்ஃபியோடு ஆரம்பிக்காமல், அவர் சொன்ன ஒன்றைப் பற்றிக் கேட்டு ஆரம்பியுங்கள்.

'ரவுண்டு' முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். மேஜையில் ஒருவர் எல்லோருக்கும் வாங்கினால் அடுத்து உங்கள் முறை வரும். முதல் ரவுண்டில் வாங்கிக் குடித்துவிட்டு நழுவுவது இங்கே பெரிய குற்றம். குடிக்காதவர் என்றால் டீயோ சோடாவோ சொல்லலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள், ஆனால் உங்கள் ரவுண்டை நீங்கள் வாங்கத்தான் வேண்டும். ஆறு பேர் மேஜையில் மாட்டிக்கொண்டால் செலவு ஏறும். மூன்று பேர் இருக்கும் மேஜையாகப் பார்த்து உட்காருவது என் சொந்தப் பொருளாதாரக் கண்டுபிடிப்பு.

பசியோடு போகாதீர்கள். பல பப்களில் சமையலறை ஒன்பது மணிவாக்கில் மூடிவிடும். இரவுக் காட்சிக்கு முன்பே சாப்பிட்டுவிடவேண்டும்.

10. ஞாயிறும் திங்களும்

ஞாயிறு மதியத்துக்கு மேல் டப்ளின் ரயில் கல்லூரி மாணவர்களால் நிரம்பிவிடும். திரும்பும் இருக்கையையும் போகும்போதே போட்டுவிடுங்கள். ஞாயிறு காலை நிகழ்ச்சிகளை மட்டமாக நினைக்கவேண்டாம். மேடையிலும் கீழேயும் எல்லோரும் களைத்திருப்பார்கள், நிபுணர்கள் முந்தைய நாளைவிட வெளிப்படையாகப் பேசுவார்கள்.

திங்கள் மாலைக்குள் ஒரு வேலை. குறித்துவைத்த எண்களில் உங்களை அதிகம் சிரிக்கவைத்த ஒன்றை எடுங்கள். ஐரிஷ் மத்தியப் புள்ளியியல் அலுவலகத்தின் தளத்தில் அதைத் தேடிச் சரிபாருங்கள், பத்து நிமிடம் ஆகும். சிரிப்போடு உள்ளே போன எண் கேள்வி கேட்கப்படாமலே தங்கிவிடும். நான் இரண்டு வருடம் ஒரு தப்பான வேலையின்மை விகிதத்தை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் திருத்தவில்லை, ஏனென்றால் எல்லோரும் சிரித்தார்கள். சரிபார்த்த எண்ணை அதே ஃபிரிட்ஜ் தாளில் ஏழாவதாகச் சேர்த்துவிடுங்கள். அடுத்த நவம்பருக்கான அறையையும் அன்றைக்கே தேட ஆரம்பித்துவிடலாம்.